ஏசி சோர்ஸில் கரண்ட் லிமிட்: ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் அடாப்டர், எல்இடி டிரைவர், மின்விசிறி போர்டு செய்யும் சிறு நிறுவனங்களிலும், சென்னை நகரின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் புரோகிராமபிள் ஏசி பவர் சப்ளை புழக்கத்துக்கு வந்துவிட்டது. வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் வேண்டியபடி வைத்துக்கொள்ள உதவும் இந்தக் கருவியை வேலை செய்பவர்கள் சுருக்கமாக ஏசி சோர்ஸ் என்பார்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இரண்டு எண்களைத் தட்டி அவுட்புட் பொத்தானை அழுத்துவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக வைக்க வேண்டிய கரண்ட் லிமிட் (கருவி எவ்வளவு கரண்ட் வரை விடலாம் என்ற வரம்பு), கருவி வாங்கி வந்த நாளில் இருந்த உச்ச அளவிலேயே கிடக்கிறது. இதனால் போர்டு கருகுவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தேறக்கூடாத பொருள் தேறிவிடுவது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், அதுதான் பெரியது. சோதிக்கும் பொருள் எது, எதற்காகச் சோதிக்கிறோம் என்ற இரண்டையும் வைத்து ஒவ்வொரு முறையும் போட வேண்டிய கணக்கு இது. அதை ஆய்வகக் கையேட்டிலும் சோதனை அறிக்கையிலும் எழுதும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில், "அவுட்புட்டில் எம்சிபி போட்டிருக்கிறோமே" என்ற நம்பிக்கையை விட வேண்டும். 6 ஆம்பியர் சி வகை எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) உடனடியாக விழ, அதன் அளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 30 முதல் 60 ஆம்பியர் ஓட வேண்டும். 1 கேவிஏ (ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) ஏசி சோர்ஸ் 230 வோல்ட்டில் தொடர்ந்து தரக்கூடியதே 4 ஆம்பியர் சொச்சம். ஷார்ட் ஆனாலும் அந்த எம்சிபி அசையாது. வீட்டு லைனில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்சிபி விழும். ஏசி சோர்ஸுக்குப் பின்னால் அந்தப் பலம் கிடையாது. ஆகவே அங்கே பொருளைக் காக்கும் முதல் அரண் கருவிக்குள் நாம் வைக்கும் லிமிட்தான்.

கரண்ட் லிமிட் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே நான்கு விஷயங்கள் இருக்கின்றன: ஆர்எம்எஸ் வரம்பு (கரண்ட்டின் பயனுறு அளவுக்கு), பீக் வரம்பு (அலையின் கணநேர உச்சத்துக்கு), வரம்பைத் தாண்டிய பின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற டிலே, தாண்டினால் கருவி என்ன செய்ய வேண்டும் என்ற மோடு. டிரிப் மோடில் அவுட்புட் அணைந்துவிடும். ஃபோல்டுபேக் மோடில் கருவி வோல்டேஜைக் குறைத்து, கரண்ட்டை வரம்புக்குள் பிடித்து வைக்கும். சில கருவிகளில் மெனுவின் வெவ்வேறு பக்கங்களில் இவை சிதறிக் கிடப்பதால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது எளிது.

ரேஞ்ச் பற்றி ஒரு வரி போதும். 150 வோல்ட், 300 வோல்ட் என இரு ரேஞ்ச் உள்ள கருவிகளில், மேல் ரேஞ்சில் கிடைக்கும் கரண்ட் கீழ் ரேஞ்சில் கிடைப்பதில் பாதி. 230 வோல்ட்டுக்கு மேல் ரேஞ்ச் தவிர வேறு வழியில்லை. அவுட்புட்டை அணைத்துவிட்டே ரேஞ்சை மாற்ற வேண்டும்.

இனி கணக்கு. 65 வாட் லேப்டாப் அடாப்டரை எடுத்துக்கொள்வோம். எஃபிஷியன்சி 87 சதவீதம் என்றால் உள்ளே போவது சுமார் 75 வாட். பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் இல்லாத அடாப்டர் என்பதால் 230 வோல்ட்டில் பவர் ஃபேக்டர் (வோல்டேஜையும் கரண்ட்டையும் பெருக்கி வருவதில் வாட்டாகும் பங்கு) 0.5 அளவில்தான் இருக்கும். 75ஐ 230ஆலும் 0.5ஆலும் வகுத்தால் 0.65 ஆம்பியர். பலரும் 75ஐ 230ஆல் மட்டும் வகுத்து 0.33 என்று எழுதி, கொஞ்சம் கூட்டி 0.4இல் லிமிட்டை வைக்கிறார்கள். அடாப்டர் முழு லோடுக்கு வந்ததும் கருவி டிரிப் ஆகிறது. எரிச்சலில் லிமிட்டை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். லிமிட் உச்சத்தில் கிடப்பதற்குப் பல இடங்களில் இந்தப் பிழையான வகுத்தல்தான் காரணம்.

230 வோல்ட்டோடும் நின்றுவிடக் கூடாது. லேபிளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், பத்து சதவீதம் குறைத்து 90 வோல்ட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடாப்டர் வோல்டேஜ் குறையக் குறையக் கூடுதல் கரண்ட் இழுக்கும், ஏனென்றால் வெளியே தர வேண்டிய வாட் மாறுவதில்லை. 90 வோல்ட்டில் பவர் ஃபேக்டர் 0.6 என்று கொண்டால் 75 வாட்டுக்கு 1.39 ஆம்பியர். அதற்கு மேல் 15 சதவீதம் இடம் விட்டு 1.6 ஆம்பியர் என்று ஆர்எம்எஸ் வரம்பை வைக்கலாம். லேபிளில் 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் நம் கணக்கும் அதன் பக்கத்தில் வந்துவிட்டது, நல்லது. வெகுவாக விலகினால் லேபிளையோ கணக்கையோ மறுபடி பார்க்க வேண்டும்.

பீக் வரம்பு தனிக் கணக்கு. கெப்பாசிட்டர் உள்ளீடு கொண்ட அடாப்டர், சைன் அலையின் உச்சியில் மட்டும் குறுகிய ஊசிகளாகக் கரண்ட் இழுக்கும். ஆர்எம்எஸ் அளவைப் போல பீக் மூன்று, நான்கு மடங்கு இருக்கும். இந்த விகிதமே கிரெஸ்ட் ஃபேக்டர். 1.39 ஆம்பியருக்குப் பீக் 4 முதல் 5.5 ஆம்பியர் வரை போகலாம் என்பதால் வரம்பை 6 ஆம்பியரில் வைக்கலாம். 2 ஆம்பியரில் வைத்தால் என்ன ஆகும்? சில கருவிகள் டிரிப் ஆகும். சில கருவிகள் அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கும். இரண்டாவதுதான் தொல்லை. அடாப்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உள்ளே போவது சைன் அலையே அல்ல. அப்போது எடுத்த பவர் ஃபேக்டர், ஹார்மானிக் அளவுகளைக் குப்பையில்தான் போட வேண்டும். அவுட்புட்டை ஆஸிலோஸ்கோப்பில், டிஃபரன்ஷியல் புரோப் வைத்து, ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

மோடைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "ஃபோல்டுபேக் மென்மையானது, பொருளுக்குப் பாதுகாப்பு" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்ற வெறும் ரெசிஸ்டர் லோடுக்கு அது சரி. வோல்டேஜ் குறைந்தால் அங்கே கரண்ட்டும் குறையும், ஒரு புள்ளியில் நிலைத்து நிற்கும். அடாப்டரில் கதை தலைகீழ். வரம்பைத் தொட்டதும் கருவி வோல்டேஜைக் குறைக்கிறது. குறைந்த வோல்டேஜில் அடாப்டர் கூடுதல் கரண்ட் கேட்கிறது. கருவி மேலும் குறைக்கிறது. நொடிக்குள் வோல்டேஜ் சரிந்து அடாப்டர் அணைந்துவிடும். லோடு போனதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும், அடாப்டர் மீண்டும் எழும், மறுபடியும் சரியும். மேஜையில் டிக்... டிக்... என்று சத்தம் கேட்கும். அடாப்டரில் கோளாறு என்று முடிவுகட்டி ஐசியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கருவியின் முகப்பில் சிசி விளக்கு (கரண்ட் வரம்பில் நிற்பதைக் காட்டுவது) மின்னுகிறதா, திரையில் தெரிவது நாம் வைத்த வோல்டேஜா, அளந்த வோல்டேஜா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் (அடாப்டர் போன்ற ஸ்விட்சிங் பவர் சப்ளை) எதுவானாலும் டிரிப் மோடே சரி.

மோட்டாருக்கும் டிரிப் மோடுதான், காரணம் வேறு. வோல்டேஜ் குறைந்தால் இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க் இருமடி விகிதத்தில் குறையும். 230க்குப் பதில் 150 வோல்ட் கிடைத்தால் டார்க் 42 சதவீதம்தான். ஃபோல்டுபேக் வோல்டேஜைப் பிடித்து இழுத்தால் மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்கும். நின்ற மோட்டாரில் விசிறியும் சுற்றாது, கரண்ட்டும் குறையாது, வைண்டிங் சுடும். மெட்ரோ வாட்டர் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வீடுகளில் வைக்கும் அரை குதிரைத்திறன் மோனோபிளாக் பம்ப் ஓடும்போது 3 ஆம்பியர் சொச்சம் எடுக்கும். கிளம்பும்போது அதைப் போல ஐந்து மடங்கு, 15 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 1 கேவிஏ சோர்ஸில் இதைக் கிளப்பிச் சோதிக்க முடியாது, லிமிட்டை எங்கே வைத்தாலும் முடியாது. 4 கேவிஏ தேவை, டிலே ஒரு நொடியாவது வேண்டும். வோல்டேஜை மெதுவாக ஏற்றிக் கிளப்பலாம் என்ற யோசனையும் பம்ப்புக்கும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் உதவாது. குறைந்த வோல்டேஜில் உறுமி நிற்கும் நேரத்தை அது நீட்டிவிடும்.

ஆன் செய்யும் கணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடாப்டருக்குள் 120 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும், அதன் முன்னே 5 ஓம் என்டிசியும் (சூடானால் ரெசிஸ்டன்ஸ் குறையும் தெர்மிஸ்டர்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலையின் உச்சியில், அதாவது 90 டிகிரியில் ஆன் செய்தால் காலி கெப்பாசிட்டர் மீது 325 வோல்ட் விழும். 325ஐ 5ஆல் வகுத்தால் 65 ஆம்பியர். அலையின் தொடக்கத்தில், 0 டிகிரியில் ஆன் செய்தால் வோல்டேஜ் 5 மில்லி நொடியில் படிப்படியாக ஏறுவதால் அதே கெப்பாசிட்டர் கேட்பது 12 ஆம்பியரைத் தாண்டாது. நல்ல ஏசி சோர்ஸ்களில் ஸ்டார்ட் ஃபேஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. அடாப்டருக்கு அதை 0 டிகிரியில் வைக்க வேண்டும். அப்போதும் 6 ஆம்பியர் பீக் வரம்பில் டிரிப் ஆகும், ஏனென்றால் பீக் டிரிப்புக்குப் பெரும்பாலும் டிலே கிடையாது. பீக் வரம்பை ஏற்றுவதை விட, அடாப்டரின் லோடைக் கழற்றிவிட்டு, வோல்டேஜை அரை நொடியில் 0இலிருந்து 230க்கு ஏற்றும் ரேம்ப்பை வைப்பது மேல். அரை நொடி என்றால் 25 சைக்கிள், கெப்பாசிட்டர் நிதானமாக நிரம்பிவிடும். ஆர்எம்எஸ் டிலே 0.1 நொடி இருந்தால் போதும். டிலேயைப் பல நொடிகளுக்கு நீட்டிவிட்டால், ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கருகி முடிந்த பின்தான் கருவி அணையும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு இது நேர்மாறு. 0 டிகிரியில் ஆன் செய்தால் இரும்பு மையத்தில் ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) ஏறத்தாழ இரு மடங்காகி நிறைவடைந்துவிடும், கரண்ட் பல மடங்கு பாயும். டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரில் இது மிகக் கடுமை. அதற்கு 90 டிகிரி ஸ்டார்ட் ஃபேஸ் நல்லது. ஃப்ரீக்வென்சியைக் குறைக்கும்போதும் கவனம் வேண்டும். 253 வோல்ட், 45 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஃப்ளக்ஸ் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் இருப்பதை விட 22 சதவீதம் கூடும். மேக்னடைசிங் கரண்ட் ஊசி ஊசியாகக் கிளம்பி பீக் வரம்பைத் தட்டும். அதைக் கருவியின் பழுதாகப் பார்க்கக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் தன் எல்லையைச் சொல்கிறது.

ஃப்ரீக்வென்சியை ஏற்றினால் இன்னொரு சிக்கல். மின்காந்த இரைச்சலை வடிகட்டும் இஎம்ஐ ஃபில்டரில் இருக்கும் 0.47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 34 மில்லி ஆம்பியர் எடுக்கும். 400 ஹெர்ட்ஸில் அதுவே 272 மில்லி ஆம்பியர். லோடே இல்லாமல் 0.2 ஆம்பியர் வரம்பு டிரிப் ஆவதற்கு இதுவே போதும்.

புதிதாகச் சால்டர் செய்த போர்டுக்கு முதல் மின்சாரம் தரும்போது மேலே சொன்ன 1.6 ஆம்பியரும் அதிகம். ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்கள் இதற்குச் சீரிஸ் லேம்ப் போடுவார்கள். அருமையான முறை அது. 100 வாட் குண்டு பல்பு தொடரில் இருந்தால், போர்டு முழுக்க ஷார்ட் ஆனாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடாது. ஏசி சோர்ஸ் இருக்கும் இடத்தில் லோடு இல்லாமல் ஆர்எம்எஸ் வரம்பு 0.2 ஆம்பியர், டிரிப் மோடு, அரை நொடி ரேம்ப் என்று வைத்தால் அதை விட நன்றாகக் காக்கலாம். ஆனால் 5 கேவிஏ கருவியில் 0.2 ஆம்பியர் என்று வைப்பதில் பொருளில்லை. முழு அளவு 20 ஆம்பியர் உள்ள கருவியில் முழு அளவின் அரை சதவீதப் பிழையே 0.1 ஆம்பியர் ஆகிவிடும். சிறு வேலைக்குச் சிறு கருவி, அல்லது அதே சீரிஸ் லேம்ப்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அடாப்டர், எல்இடி டிரைவர் போன்றவை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவின் கீழ் வருபவை. பாதுகாப்புச் சோதனையில் வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்கிப் பார்ப்பார்கள். மெயின் கெப்பாசிட்டரையோ பிரிட்ஜ் டயோடு ஒன்றையோ ஷார்ட் செய்து, ஃபியூஸ் உருகி, தீயோ அபாயமோ இல்லாமல் பொருள் அடங்குகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை. இதற்கு முன்னோட்டமாக நிறுவனத்திலேயே செய்து பார்க்கும்போது ஏசி சோர்ஸில் 1.6 ஆம்பியர் வரம்பு அப்படியே இருந்தால் என்ன நடக்கும்? 2 ஆம்பியர் ஃபியூஸ் 1.6 ஆம்பியரில் உருகாது. கருவி டிரிப் ஆகும். "தீப்பிடிக்கவில்லை, தேறியது" என்று அறிக்கை எழுதப்படும். ஃபோல்டுபேக் மோடாக இருந்தால் ஃபியூஸும் உருகாமல், என்டிசியும் போர்டின் செப்புத் தடமான டிராக்கும் நிதானமாகச் சூடாகிக்கொண்டிருக்கும். வரம்பை 4 ஆம்பியருக்கு ஏற்றினாலும் அந்த ஃபியூஸ் உருக நிமிடக்கணக்கில் ஆகலாம். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் அப்படியல்ல. அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஃபியூஸ் வெடித்துச் சிதறக்கூடும், டிராக் பிய்ந்து எழும்பக்கூடும். அங்கே என்ன நடக்கும் என்று பார்ப்பதற்குத்தானே இந்தச் சோதனை? ஃபால்ட் சோதனையை உண்மையான மெயின்ஸ் லைனில், பொருளை மூடிய கூண்டுக்குள் வைத்து, முன்னே உரிய எம்சிபியோடு, தூரத்தில் சுவிட்ச் வைத்துத்தான் செய்ய வேண்டும். சிறிய ஏசி சோர்ஸில் செய்த ஃபால்ட் சோதனை முடிவை எந்த நிறுவனமும் நம்பக் கூடாது, கன்சல்டன்ட் யாரேனும் அப்படி அறிக்கை தந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆன் செய்யும் கணத்தில் பாயும் இன்ரஷ் கரண்ட் அளவும் அப்படியே. உச்சம் 16 ஆம்பியர் தரும் கருவியில் 65 ஆம்பியர் இன்ரஷ் 16 என்றுதான் பதிவாகும்.

வைத்த வரம்பு உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த எலக்ட்ரானிக் லோடு தேவையில்லை. 1000 வாட் இஸ்திரிப்பெட்டி போதும். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் சுமார் 53 ஓம். நிக்ரோம் கம்பி என்பதால் குளிர்ந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. குண்டு பல்பு இதற்கு ஆகாது. குளிர்ந்த நிலையில் அதன் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வரம்பை 1 ஆம்பியரில் வைத்து வோல்டேஜை 0இலிருந்து ஏற்றினால் 53 வோல்ட் அருகே டிரிப் ஆக வேண்டும். 60ஐத் தாண்டியும் சும்மா இருந்தால் கருவியை கேலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். கூடவே ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரால் அளக்கலாம். சிறிய கரண்ட் என்றால் ஒரே வயரைக் கிளாம்ப்பில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் அளவைப் பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: அவுட்புட் அணைந்திருக்க வேண்டும், பிறகு ரேஞ்ச், மோடு, ஆர்எம்எஸ் வரம்பு, பீக் வரம்பு, டிலே, அதன் பிறகே வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும், ஸ்டார்ட் ஃபேஸ், ரேம்ப், கடைசியாக அவுட்புட் ஆன். கம்ப்யூட்டரிலிருந்து இயக்குபவர்களும் கட்டளைகளை இதே வரிசையில் அனுப்ப வேண்டும். ரீசெட் கட்டளை போனால் பல கருவிகளில் லிமிட் மீண்டும் உச்சத்துக்குப் போய்விடும். மெமரியிலிருந்து பழைய அமைப்பை அழைத்தால் வேறு யாரோ வைத்த லிமிட் வந்து உட்காரும். இரண்டிலும் லிமிட்டைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே அவுட்புட்டைத் திறக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்கடியில் இயங்கும் பட்டறைகளுக்கு ஒரு குறிப்பு. பல ஏசி சோர்ஸ்கள் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் முழுத் திறனில் இயங்கும். பிற்பகலில் கருவி அடிக்கடி அணைந்தால் லிமிட்டை மாற்றும் முன் திரையில் வந்த எச்சரிக்கை ஓவர் கரண்ட்டா, ஓவர் டெம்பரேச்சரா என்று படியுங்கள். பின்பக்கக் காற்றுவழியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடக்கூடும். 1 கேவிஏ கருவி முழு லோடில் 6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் அதன் பிளக்கை 6 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகாமல் 15 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகுங்கள்.

மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது: கரண்ட் லிமிட் மனிதரைக் காக்காது. 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஆபத்து. 0.2 ஆம்பியர் வரம்பு அதைப் போல ஆறு மடங்குக்கு மேல். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல ஏசி சோர்ஸ்களின் அவுட்புட் எர்த்தோடு இணையாமல் மிதக்கிறது. அந்த நிலையில் முதல் தொடுதலில் ஆர்சிசிபி விழாது. அவுட்புட் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கலாமா என்று கருவியின் கையேட்டில் பார்த்து, அனுமதித்தால் ஆர்சிசிபிக்கு முன்பக்கம் இணைத்து, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கல்லூரிகளும் நிறுவனங்களும் புதிய கருவிக்கு டெண்டர் விடும்போது கேவிஏவையும் விலையையும் மட்டும் கேட்கின்றன. மேல் ரேஞ்சில் ஆர்எம்எஸ் எவ்வளவு, பீக் எவ்வளவு, டிரிப்பும் ஃபோல்டுபேக்கும் நாமே தேர்ந்தெடுக்க முடியுமா, டிலே எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை, ஸ்டார்ட் ஃபேஸும் ரேம்ப்பும் உண்டா, கரண்ட் வரம்பின் குறைந்தபட்சப் படி எவ்வளவு என்ற கேள்விகளையும் டெண்டரில் சேர்க்க வேண்டும். சோதனை அறிக்கைப் படிவத்தில் வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி கட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஆர்எம்எஸ் வரம்பு, பீக் வரம்பு, டிலே, மோடு என்று நான்கு கட்டங்களைப் போட்டு, அவை காலியாக இருக்கும் அறிக்கையில் துறைத் தலைவரோ தரப் பொறுப்பாளரோ கையெழுத்திடாமல் இருந்தால் அடுத்த செமஸ்டரிலேயே இந்தப் பழக்கம் படிந்துவிடும்.

இப்படிக்கு,
மின்னணுச் சோதனைப் பொறியாளர்கள் சிலர்,
அம்பத்தூர், சென்னை.